ஆளைத் தெரியுமா?

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) கைப்பேசியும் கணினியும் பழுது பார்ப்பது என் தொழில். திரை உடைந்தது, பேட்டரி உப்பியது, மழையில் நனைந்தது என்றுதான் முன்பெல்லாம் ஆட்கள் வருவார்கள். இப்போது "என் அக்கவுண்டை யாரோ எடுத்துக்கிட்டாங்க" என்று முகம் வெளுத்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கருவியைத் திறந்து பார்த்தால் ஒரு கோளாறும் இருக்காது. அவர்களுக்குத் துணையாக வருகிற யாராவது ஒருவர் தவறாமல் ஒரு புத்திமதி சொல்வார்: "இந்தக் காலத்துல யாரையும் நம்பக்கூடாது." பணத்தைப் பறிகொடுத்தவர் தலையாட்டுவார்.

அந்தப் புத்திமதி எனக்கு ஒப்பவில்லை. இந்த நாட்டில் அது ஆபத்து என்றே நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இதே ஊரில் தாமுவே பகுதியில் இருக்கும் என் மனைவியின் அத்தைக்கு ஒருநாள் ஓர் அழைப்பு வந்தது. உங்கள் பெயருக்குப் பொட்டலம் வந்திருக்கிறது, உறுதி செய்ய ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்று மரியாதையான பர்மியக் குரல். மகன் மலேசியாவில் வேலை செய்கிறான், பொட்டலம் வருவது வழக்கம்தான். ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டார். அது அவருடைய அக்கவுண்டைத் திறக்கும் எண். சற்று நேரத்தில் அவருடைய பெயரிலும் படத்திலும் சொந்தபந்தம் அத்தனைக்கும் செய்தி பறந்தது: ஆஸ்பத்திரிச் செலவு, மூன்று லட்சம் கியாட் உடனே வேண்டும், சாயங்காலம் திருப்பித் தருகிறேன்.

அவருடைய தம்பி மகனுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அத்தை எழுதி அனுப்பி அவன் பார்த்ததே இல்லை. எதுவானாலும் குரல்பதிவுதான், பின்னால் குக்கர் விசிலும் பேரன் அழுகையும் கேட்கும். இந்தச் செய்தியோ எழுத்தில், பிழையில்லாத பர்மிய மொழியில் வந்திருந்தது. சாதாரண எண்ணுக்கு அழைத்தான். அத்தை கோயில் மடப்பள்ளியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்!"

அதற்குள் ஒருவர் பணம் அனுப்பிவிட்டிருந்தார். எதிர்வீட்டுப் பர்மியப் பெண்மணி. அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இரவுச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர் அத்தை. அத்தைக்கு ஆபத்து என்றதும் அந்தப் பெண்மணி யோசிக்கவில்லை, இருந்ததை அனுப்பிவிட்டார். அவரை ஏமாளி என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் ஓர் எதிர்வீட்டுக்காரர் எப்படி நடக்க வேண்டுமோ அப்படித்தான் அவர் நடந்தார். திருடன் கைவைத்தது அந்த நல்ல குணத்தின்மேல். "இனிமே யாருக்கும் உதவாதீங்க" என்று அவரிடம் போய்ச் சொன்னால், போன மூன்று லட்சத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்தத் தெருவுக்கு. பணத்தை நாங்கள் எல்லாருமாகச் சேர்த்துக் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றவரை அத்தைதான் மல்லுக்கட்டி வாங்க வைத்தார்.

மனிதர்களை நம்பக்கூடாது என்றால் இங்கே வேறு எதை நம்புவது? நோட்டையா? 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 1985இல் மறுபடியும் அதே கதை. அதன்பின் புழக்கத்தில் இருந்த 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் 1987 செப்டம்பரில் ஒரே நாளில் செல்லாமல் செய்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. அதன்பின் வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். எங்கள் அம்மா தலைமுறையில் காசு சேர்ந்ததும் அதைக் குந்துமணித் தங்கமாகவாவது மாற்றிக்கொண்டதற்குக் காரணம் நகை ஆசை என்று நினைப்பவர்கள் இந்த வரலாறு தெரியாதவர்கள்.

வங்கியை நம்புவதா? 2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகளின் வாசலில் மக்கள் முண்டியடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021இல் மறுபடியும் ஏடிஎம் முன்னால் விடியுமுன்னே வரிசை. கணக்கில் எண் இருக்கும், கையில் தாள் வராது. செயலியில் கிடக்கும் பணத்தைத் தாளாக்க வேண்டுமென்றால் முகவருக்குக் கழிவு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே கியாட்டுக்கு இரண்டு மதிப்பு.

தொலைபேசியின் கதை இன்னும் விசித்திரம். ராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரு சிம் அட்டைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு விற்றார்கள். சில வருடங்களுக்குள் நாடு முழுக்கத் திரையைத் தடவ ஆரம்பித்துவிட்டது. மற்ற நாடுகளில் மேசைக் கணினி, மின்னஞ்சல், கடவுச்சொல் என்று இருபது வருடத்தில் படிப்படியாகப் பழகியதை நாங்கள் ஒரே எட்டில் தாண்ட வேண்டியிருந்தது. கைப்பேசி வாங்குகிறவருக்கு ஃபேஸ்புக் கணக்கையும் கடைக்காரரே தொடங்கிக் கொடுப்பார். கடவுச்சொல் கடைக்காரருக்குத்தான் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று அது என்று யாரும் சொல்லவே இல்லை. அதே ஃபேஸ்புக்கில்தான் வெறுப்பும் ஊற்றாகப் பெருகியது. இங்கே வன்முறையைத் தூண்ட தங்கள் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று அந்த நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது.

ஆக, பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட நாடு இது. அப்படியும் இங்கே வியாபாரம் நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது, கடலுக்கு அப்பாலிருந்து மகன் அனுப்பும் பணம் வீடு வந்து சேர்கிறது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு பழைய வழி உண்டு. என் தாத்தா மொகல் தெருவில் (இன்று ஷ்வேபொந்தா தெரு) ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைகள் இயங்கிய கட்டடம்) சமையல் வேலை பார்த்தவர். அவர் சொன்னதாக அப்பா நிறையச் சொல்வார். 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இங்கே இருந்தன, புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் அளவுக்கு மதிப்பிடப்பட்டது. முதலாளி காரைக்குடிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் இருப்பார். ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறி வந்து இங்கே பெட்டியைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். இங்கே ஒரு கடையில் பணத்தைக் கட்டி உண்டியல் சீட்டு வாங்கிக்கொண்டு போனால், சென்னையிலோ பினாங்கிலோ இன்னொரு கடையில் பணமாக்கலாம்.

இத்தனை பணம் ஒரு தாள் துண்டையும் ஒரு விலாசத்தையும் நம்பி எப்படிக் கடல் தாண்டியது? அவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்பதாலா? நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாரும் ஒன்பது நகரக் கோயில்களுக்குள் அடங்கியவர்கள். ஏஜெண்டு கணக்கில் கை வைத்தால் அந்தச் செய்தி அடுத்த கப்பலிலேயே ஊருக்குப் போகும், வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. நடப்பு வட்டியைக்கூட மாதாமாதம் ரங்கூன் கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். தப்பு செய்தவன் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்த நம்பிக்கையின் உயிர்.

இதில் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிட முடியாது. அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவர் இருந்தார். ஐராவதி டெல்டாவில் நெல் விளைவித்த பர்மிய விவசாயி. கடன் வாங்கினார், ஆனால் கோயில் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை, கணக்கு எழுதிய மொழி அவருக்குத் தெரியாது. 1930களில் நெல் விலை சரிந்தபோது அடகு வைத்த நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது, 1938இல் அது 25 சதவீதமாயிற்று. அந்த மனக்கசப்பை நாங்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தோம், கிட்டங்கிக்குள் கால் வைத்தே அறியாத கூலிக் குடும்பங்களும் சேர்த்து. உள்ளுக்குள்ளே மட்டும் நம்பிக்கொண்டு வெளியே இருப்பவரைக் கணக்கில் எடுக்காத ஒற்றுமை யாருக்கும் பாதுகாப்பு தராது. அத்தையின் எதிர்வீட்டை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரியின் இரவுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 12ஆம் தேதி 23,000க்கும் அதிகமான கைதிகளை விடுதலை செய்தார்கள். அன்று முதலே வதந்திகள்: தீ வைக்க ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார்கள். 15ஆம் தேதியிலிருந்து இரவு 1 மணிக்கு இணையம் போய்விடும், காலை 9 மணிக்குத்தான் வரும். எங்கள் தெருவில் மூங்கிலைக் குறுக்கே கட்டி ஆண்கள் முறை வைத்து உட்கார்ந்தோம். பர்மியர், தமிழர், முஸ்லிம், சீனர், யாரும் யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பெண்கள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் தகரத்தைத் தட்டுவோம், அடுத்த தெரு வாங்கித் தட்டும், அதற்கடுத்த தெரு வாங்கித் தட்டும். செயலியோ கோபுரமோ தேவைப்படாத ஒரு வலை அது.

ஓர் இரவு பையோடு நடந்து வந்த ஓர் ஆளைப் பையன்கள் பிடித்துவிட்டார்கள். பகலில் யாரோ அனுப்பியிருந்த படத்தில் இருந்தவன் மாதிரியே இருக்கிறான் என்று ஒருவன் சொல்ல, கைகள் ஓங்கிவிட்டன. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், நாங்கள் ஊலே (பர்மிய மொழியில் சித்தப்பா மாதிரி) என்று கூப்பிடுகிறவர், நடுவில் புகுந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "யார் வீட்டுக்கு வந்தாய்?" அந்த ஆள் நடுங்கிக்கொண்டே ஒரு வீட்டைச் சொன்னான். போய்க் கதவைத் தட்டினோம். வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்து முகத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எங்க மருமகன்தான், ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். பையில் குழந்தைக்கு மருந்தும் பால்மாவும் இருந்தன.

அந்தப் படத்தை முதலில் அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவருக்கு இவர் அனுப்பினார், இவருக்கு அவர் அனுப்பினார், அவ்வளவுதான். அம்மா அப்படியில்லை. நடுத்தெருவில் நின்று, தன் வாயால், தன் வீட்டைப் பணயம் வைத்துச் சொன்னார். ஒரு மனிதன் அடிபடாமல் தப்பித்தது அந்தச் சொல்லால்.

ஆளைத் தெரியும் என்பது மட்டும் போதாது என்பதையும் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது மியாவடி. தாய்லாந்தின் மேசோட் நகருக்கு எதிரே, மோய் ஆற்றின் இந்தக் கரையில், கே.கே. பார்க், ஷ்வே கொக்கோ என்று பெயர் பெற்ற வளாகங்களில் மோசடியே ஒரு தொழிற்சாலையாக நடந்தது. பர்மாவில் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டு வேலை வாங்கப்படலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் சென்னைக்குத் திரும்பினார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் துண்டித்தபின் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மேசோட்டிலிருந்து கொண்டுபோயின.

வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் தூரத்து உறவினரின் தெருப் பையன் ஒருவன் அப்படித் திரும்பியவன். பிறகு அவனோடு நெடுநேரம் பேசினேன். பாங்காக்கில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போனது முன்பின் தெரியாதவன் இல்லை. அவனுடைய பள்ளிக்கூட நண்பனின் அண்ணன். ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும். ஆனால் பையன் ஆற்றைக் கடந்தபின் அந்த அண்ணன் போனை எடுக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருந்தான்.

உள்ளே அவனுக்குக் கொடுத்த வேலையைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசிற்று. அவனுக்கு முன்னால் வரிசையாகக் கைப்பேசிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அழகான பெண்ணின் பெயர். பணத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசவே கூடாது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் மனைவி இறந்துபோனதைச் சொன்னால் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, அடுத்த வருடம் அந்த நாளில் முதல் ஆளாக ஆறுதல் சொல்ல வேண்டும். குறித்த அளவு வசூலாகாவிட்டால் அடி. "அண்ணா, அவங்கள்ல சில பேருக்கு என்னைத் தவிர பேச ஆளே இல்லை" என்றான். இதைச் சொல்லும்போது அவன் அழுதான்.

இந்தத் தொழிலுக்குக் கச்சாப்பொருள் தனிமைதான். யாரையும் நம்பாதே என்று சொல்லிச் சொல்லி ஒரு மனிதரைத் தனியாக உட்கார வைத்துவிட்டால், அவருடைய கதவை முதலில் தட்டப்போவது இந்த வளாகங்கள்தான். மருமகளிடம் சொல்லியிருந்தால், கோயிலில் யாரிடமாவது சொல்லியிருந்தால், சீட்டு பிடிக்கிற அக்காவிடம் சொல்லியிருந்தால், "யார் அவன், நான் பேசுறேன் கொடு" என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. 2016 பிப்ரவரியில் பக்கத்து நாடான பங்களாதேஷின் மத்திய வங்கிக் கணினிகளுக்குள் நுழைந்து, நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் அனுப்பினார்கள். வங்கிகள் தங்களுக்குள் உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் முறை வழியாக வந்ததால் அவை மெய்யானவை போலவே தெரிந்தன. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலரில் பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதைக் கண்டு யாரோ நிறுத்தி விசாரித்தார்கள், அந்தப் பணம் தப்பியது. 2024 மார்ச்சில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் உலகத்துக்கு நேர்ந்தது இதைவிட நுட்பமானது. எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளை ஊதியமில்லாமல் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உதவுவதாக ஒருவர் வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல வேலையே செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தபின் கள்ளக்கதவு வைத்தார். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். அந்த மென்பொருள்காரர் களைத்துப்போய் உதவிக்கு ஏங்கியது எதிராளிக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு முன்பே நாலு பேர் உண்மையாகத் தோள் கொடுத்திருந்தால் அந்த இடம் காலியாக இருந்திருக்காது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

குரலையே நகலெடுக்கும் காலம் வந்துவிட்டதால் அத்தையின் குரல்பதிவும் இனி சாட்சியாகாது. ஆகவே எங்கள் கோயில் குழுவில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். பணம் கேட்டு யார் பெயரில் செய்தி வந்தாலும், நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்துப் பேச வேண்டும். பேச முடியாவிட்டால் அவர் வீட்டுக்கு அருகில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கென்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அந்தப் பட்டியலில் பர்மியர்களும் இருக்கிறார்கள். கேட்டவர் மனம் புண்படும் என்று கூச்சப்பட்டவர்களிடம், சரிபார்ப்பது அவருக்குக் காட்டும் மரியாதை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மண்டபத்துக்கு வந்து, குடும்பத்தார் முன்னிலையில் கம்பெனி பெயரையும் விசா வகையையும் சொல்லி, தன் அடையாள அட்டைப் படியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வர மறுத்தால் அந்த வேலை வேண்டாம். பாங்காக்கில் வேலை என்று சொல்லிவிட்டு, விமான நிலையத்திலிருந்து மணிக்கணக்காகக் கார் வடமேற்கே போய்க்கொண்டிருந்தால் முதல் பெட்ரோல் பங்கிலேயே இறங்கிவிடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறோம்.

கைப்பேசித் தொழிலில் இருக்கும் நம்மவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை நம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அவர்கள் கையாலேயே தட்டச் சொல்வோம், நேரமானாலும் பரவாயில்லை. இரண்டடுக்கு உறுதிப்படுத்தலைப் போட்டுக் கொடுத்து, அந்த ஆறு இலக்க எண்ணை நாமே கேட்டாலும் சொல்லக்கூடாது என்று புரிய வைத்து அனுப்புவோம். எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரியாத விபிஎன் (முடக்கிய தளங்களைப் பார்க்க உதவும் செயலி) கோப்புகளை ஏற்றித் தர வேண்டாம், இப்போது வருகிற பழுதுகளில் பாதிக்கு அதுதான் வேர். மறதி உள்ள பெரியவர்களுக்குக் கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டி, அவர்கள் கைகாட்டும் மகளிடமோ பேரனிடமோ கொடுக்கச் சொல்கிறேன். உறையின் மேல் என் கடைப் பெயரையும் என் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஏதாவது ஆனால் முதலில் என்னிடம் வந்து கேட்கட்டும்.